சிக்னல் இல்லாத நாலு ரோட்டில் யார் யாருக்கு வழிவிட வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் ஒரே அகலமுள்ள இரண்டு தெருக்கள் வெட்டிக்கொள்ளும் இடம். சிக்னல் இல்லை, பலகை இல்லை, தரையில் கோடும் இல்லை. மேற்கேயிருந்து கிழக்கே போன பைக், தெற்கேயிருந்து வடக்கே போன காரின் இடப்பக்கப் பின்கதவில் மோதியிருக்கிறது. பைக்காரர் "நான் நேராகப் போனேன், வழி எனக்குத்தான்" என்கிறார். கார்காரர் "நான் பாதிக்கு மேல் தாண்டிவிட்டேன், முதலில் நுழைந்தது நான்" என்கிறார். கூடியவர்கள் "பெரிய வண்டிமேல்தான் கேஸ்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். கனடாவில் இருக்கும் உங்கள் நண்பரோ முதலில் வந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்கிறார். அந்த இடத்தில் யார் வழிவிட்டிருக்க வேண்டும் என்பது முதல் கேள்வி. மோதிய பிறகு தப்பு யார்மேல் என்பது இரண்டாவது. முதலாவதற்கு உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து யாரும் பதில் சொல்ல முடியாது. நான் வக்கீல் இல்லை. பல வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். சட்டப் புத்தகம் என்ன சொல்கிறது, ரோட்டில் என்ன நடக்கிறது என்ற இரண்டையும் தினமும் பார்க்கிற இடத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் உறுதியானது. எந்தச் சந்திப்பிலும் கட்டளைகளுக்கு ஒரு வரிசை உண்டு. போலீஸ்காரர் நின்று கை காட்டினால் அவர் சொல்வதுதான் முடிவு. பச்சை எரிந்தாலும் அவர் நிறுத்தினால் நிற்க வேண்டும். அவர் இல்லையென்றால் சிக்னல். அதுவும் இல்லையென்றால் பலகையும் தரைக்கோடும். எண்கோண வடிவச் சிவப்புப் பலகை இருந்தால் சக்கரம் முழுதாக நின்றாக வேண்டும். சிவப்பு விளிம்புள்ள தலைகீழ் முக்கோணம் இருந்தால், குறுக்கே போகும் வண்டிகளுக்கு வழிவிட்டுப் போக வேண்டும், யாரும் வரவில்லையென்றால் நிற்கத் தேவையில்லை. இவை எதுவுமே இல்லாத இடத்துக்குத்தான் பொது விதி. அந்தப் பொது விதி மிகச் சின்னது: சந்திப்பை நெருங்கும்போது எல்லாரும் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆபத்தில்லை என்று தெரியும்வரை உள்ளே நுழையக் கூடாது. மெயின் ரோடு என்று அறிவிக்கப்பட்ட சாலைக்குள் நுழைகிறவர் அதில் போகும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் தன் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும். அவ்வளவுதான். 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளில் இது இப்படித்தான் இருந்தது. அதற்கு முன்பு 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பத்தாவது அட்டவணையிலும் இதே கருத்துதான். 2017 ஜூனில் 1989 விதிகளுக்குப் பதிலாகப் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் வந்தபோதும் அடிப்படை மாறவில்லை. எல்.எல்.ஆர். தேர்வில் இதைக் கேட்பார்கள். எல்லாரும் சரியான விடையைத் தொட்டுப் பாஸாகிவிடுவார்கள். அப்புறம் அதை ரோட்டில் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இந்த விதிகளில் ஒன்றைக் கவனியுங்கள். "உனக்கு முதலில் போக உரிமை உண்டு" என்று அவை யாரிடமும் சொல்வதில்லை. "நீ வழிவிடு" என்று ஒருவரிடம் சொல்கின்றன. மற்றவரிடமோ "நீயும் வேகத்தைக் குறை, பார்த்து நுழை" என்கின்றன. ஆகவே "வழி எனக்குத்தான்" என்ற பைக்காரரின் வாதம் சட்டத்தில் இல்லாத ஒன்று. சந்திப்பை நெருங்கும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது "இங்கே விட வேண்டியவன் நானா?" என்பதைத்தான். உங்கள் நாலு ரோட்டில் அதற்கு விடை சுலபம். கிழக்கு பார்த்துப் போகிற பைக்குக்குத் தெற்கு என்பது வலப்பக்கம். கார் வலப்பக்கத்திலிருந்து வந்தது. இரண்டு தெருவும் சமம் என்றால், விட்டிருக்க வேண்டியவர் பைக்காரர்.

ஏன் வலப்பக்கம் என்று மாணவர்கள் கேட்பார்கள். நாம் சாலையின் இடப்பக்கத்தில் ஓட்டுகிறோம். குறுக்குச் சாலைக்குள் மூக்கை நீட்டியதும் முதலில் நம் முன்னால் இருப்பது அதன் அருகிலிருக்கும் பாதி. அந்தப் பாதியில் வண்டிகள் நமக்கு வலப்பக்கத்திலிருந்துதான் வரும். இடப்பக்கத்திலிருந்து வருகிறவை அந்தாண்டைப் பாதியில் வருகின்றன. அவற்றை நாம் எட்டுவதற்குள் ஓரிரு நொடி கூடுதலாகக் கிடைக்கும். முதலில் மோதக்கூடியது எதுவோ அதற்கு முதலில் வழிவிடு என்பதுதான் இந்த விதியின் கணக்கு. ஒரு தாளில் நாலு ரோட்டை வரைந்து இரண்டு பெட்டிகளை நகர்த்திப் பாருங்கள், உடனே புரியும்.

அதே தாளில் உங்கள் விபத்தையும் வரைந்து பார்த்தேன். கார்காரர் "பாதிக்கு மேல் தாண்டிவிட்டேன்" என்று சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. வடக்கே போகும் கார், கிழக்கே போகும் பைக்கின் பாதையைத் தொடும் இடம் சந்திப்பின் வடமேற்கு மூலை. காருக்கு அது பாதி தாண்டிய பிறகு வரும் இடம். பைக்குக்கோ நுழைந்தவுடன் வரும் இடம். இரண்டு பேரும் சரியாக ஒரே நொடியில், ஒரே வேகத்தில் சந்திப்பை நெருங்கியிருந்தாலும் இதே மூலைக்குப் பக்கத்தில்தான் உரசல் நடந்திருக்கும், கார் பாதிக்கு மேல் உள்ளே இருந்திருக்கும். இடப்பக்கத்திலிருந்து வரும் வண்டியோடு மோதுகிற ஒவ்வொருவரும் பாதி தாண்டியவராகத்தான் இருப்பார். சாலையின் அமைப்பே அப்படி. அடி பட்ட இடம் பின்கதவு என்பதற்கு மட்டும் கொஞ்சம் பொருள் உண்டு. காரின் முன்பகுதி பைக்கின் பாதையைக் கடந்துபோன பிறகுதான் பைக் வந்து சேர்ந்திருக்கிறது. பைக்காரர் காரைத் தாமதமாகப் பார்த்திருக்கலாம், அல்லது பிரேக் போதாமல் போயிருக்கலாம். கார் நாற்பது, ஐம்பதில் பறந்து வந்திருந்தாலும் இதே பின்கதவில்தான் அடி விழும். அந்த வேகம் நமக்குத் தெரியாதவரை மேலே சொல்ல வழியில்லை.

சரி, "நேராகப் போகிறவருக்கே முன்னுரிமை" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அது வேறொரு சூழ்நிலைக்கான சரியான விதி. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று நேராகவும் இன்னொன்று வலப்பக்கம் திரும்பவும் போகிறது என்றால், திரும்புகிறவர் நின்று, நேராக வருகிறவரை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்புகிறவர்தான் இன்னொருவரின் பாதையைக் குறுக்கே வெட்டுகிறார், ஆகவே காத்திருப்பதும் அவர்தான். யூ-டர்ன் போடுகிறவருக்கும் இதேதான், இன்னும் கூடுதலாக. குறுக்குத் தெருக்களிலிருந்து வரும் இரண்டு பேருக்கும் இதைப் பொருத்த முடியாது. உங்கள் விபத்தில் இரண்டு பேருமே நேராகத்தான் போயிருக்கிறார்கள். அப்படியிருக்க "நேராகப் போனேன்" என்பது எந்தப் பக்கமும் சாயாத வாதம்.

உங்கள் நண்பர் சொல்வதும் பொய்யில்லை, ஊர்தான் வேறு. கனடாவிலும் அமெரிக்காவிலும் நாலு முனையிலும் நிறுத்தப் பலகை வைத்த சந்திப்புகள் ஏராளம். அங்கே எல்லாரும் முழுதாக நிற்க வேண்டும். முதலில் வந்து நின்றவர் முதலில் கிளம்புவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் நின்றால் வலப்பக்கம் இருப்பவருக்கு வழி. எல்லாரும் நிற்கிறார்கள் என்பதால்தான் அந்த வரிசை வேலை செய்கிறது. நிற்காமல் வருகிற நம் நாலு ரோட்டில் "முதலில் வந்தவர்" என்று சொன்னால் "வேகமாக வந்தவர்" என்றுதான் ஆகும். நாம் பல சாலை வழக்கங்களை எடுத்துக்கொண்ட பிரிட்டனில் இன்னொரு கதை. பலகையும் கோடும் இல்லாத நாற்சந்தியில் அங்கே யாருக்கும் முன்னுரிமை கிடையாது, எல்லாரும் ஜாக்கிரதையாகப் போக வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். நம் விதி இந்த ஒரு இடத்தில் பிரிட்டனைவிடத் தெளிவானது என்பது என் கருத்து. கடைப்பிடிப்பது தனி விஷயம்.

இனி சந்தேகமான பகுதி. விதியில் வரும் "அறிவிக்கப்பட்ட மெயின் ரோடு" எது? தேசிய நெடுஞ்சாலையோடு ஊர்ச்சாலை சேரும் இடத்தில் யாருக்கும் குழப்பம் இல்லை. ஊருக்குள்தான் சிக்கல். பஸ் போகிற தெரு, கடை நிறைந்த தெரு, கொஞ்சம் அகலமான தெரு எல்லாவற்றையும் நாம் மெயின் ரோடு என்கிறோம். அப்படி ஊர் வாயில் அழைக்கப்படுவதாலேயே சட்டப்படி அது மெயின் ரோடு ஆகிவிடாது. நான் மாணவர்களுக்குச் சில அடையாளங்கள் சொல்லிக்கொடுப்பேன். உங்கள் பக்கத்தில் தரையில் நிறுத்தக்கோடோ, இரட்டை வரிசையாக விட்டுவிட்டுப் போட்ட வழிவிடு கோடோ இருந்தால் நீங்கள் கிளைச்சாலையில் இருக்கிறீர்கள். முன்னால் பெரிய சாலை வருகிறது என்ற எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் அப்படியே. சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் உங்கள் சாலையில் மட்டும் வேகத்தடை இருந்தாலும் நீங்கள்தான் கிளை. சிறிய சாலை பெரிய சாலையில் சேரும் இடத்தில், சிறிய சாலையில் வேகத்தடை போடுவது சாலை அமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் குழுமத்தின் (ஐ.ஆர்.சி.) வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஆனால் நம் குடியிருப்புத் தெருக்களில் வீட்டுக்கு ஒருவர் சொந்தமாக மேடு கட்டி வைத்திருப்பதால் இந்தக் கடைசி அடையாளத்தை ஊருக்கு வெளியே மட்டும் நம்புங்கள்.

அடையாளமே இல்லாமல் ஒரு தெரு தெளிவாகப் பெரியதாகவும் இன்னொன்று சந்தாகவும் இருந்தால்? எழுத்துப்படி வலப்பக்க விதிதான் பொருந்தும் என்று வாதாடலாம். ஆனால் சந்திலிருந்து வருகிறவர் அதை நம்பி நுழைவதை நான் ஒருநாளும் அனுமதிக்க மாட்டேன். பெரிய தெருவில் வருகிறவர் அந்தச் சந்துப் பக்கம் பார்க்கவே மாட்டார். இதில் சட்டத்தின் எழுத்தைவிட ரோட்டின் வழக்கம் வலுவாக இருக்கிறது. தகராறு வந்தால் விசாரிக்கிறவர்களும் அந்த வழக்கத்தைப் பார்க்கத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

முச்சந்தி இன்னும் வேடிக்கை. நீங்கள் ஒரு தெருவின் முடிவில், குறுக்கே ஓடும் சாலையில் வலப்பக்கம் திரும்பச் சேர்கிறீர்கள் என்று வையுங்கள். உங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நீங்கள் விட வேண்டும், சரி. இடப்பக்கத்திலிருந்து வருகிறவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு நீங்கள் வலப்பக்கம் இருக்கிறீர்கள். வலப்பக்க விதியை மட்டும் எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டால், நேரே போய்க்கொண்டிருக்கும் அவர் நின்று, தெருவிலிருந்து வரும் உங்களை விட வேண்டும்! எந்த ஊரிலாவது அப்படி நடந்து பார்த்திருக்கிறீர்களா? ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் முடிகிற சாலையிலிருந்து வருகிறவர் இரண்டு பக்கமும் விட வேண்டும் என்று தனி விதியே எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுப்பதும் அதுதான்: முச்சந்தியில் முடிகிற தெருவிலிருந்து சேர்கிறவர் இரண்டு பக்கமும் விட்டுவிட்டுத்தான் சேர வேண்டும்.

நாலு வழிச் சாலையில் நடுத்திட்டு இடைவெளி வழியாகக் குறுக்கே கடக்கும்போது இதையே இரண்டு தவணையாகச் செய்ய வேண்டும். முதல் பாதிக்கு வலப்பக்கம் பார்த்துக் கடந்து, திட்டின் இடைவெளியில் நின்று, இரண்டாவது பாதிக்கு இடப்பக்கம் பார்க்க வேண்டும். இடைவெளியில் உங்கள் வண்டி முழுதாக அடங்காது என்றால் தவணைக் கணக்கை மறந்துவிட்டு, இரண்டு பாதியும் காலியாக இருக்கும்போது மட்டும் ஒரே மூச்சில் கடக்க வேண்டும். டிராக்டர் டிரெய்லரோடு கடக்கிறவர்கள் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வாலை நெடுஞ்சாலையில் நீட்டிக்கொண்டு நிற்பார்கள். இன்னொன்று: ராங் சைடில் வருகிற பைக்குகளுக்காக இரண்டு தவணையிலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. சட்டப்படி அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரக் கூடாதுதான். ஆனாலும் வருவார்கள்.

ரவுண்டானாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வலப்பக்க விதியின் அழகு அங்கேதான் தெரியும். நாம் ரவுண்டானாவைக் கடிகாரச் சுற்றில் சுற்றுகிறோம். ஆகவே ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர், நுழையப் போகிறவருக்கு எப்போதும் வலப்பக்கம் இருப்பார். உள்ளே இருப்பவருக்கு நுழைகிறவர் விட வேண்டும். பிரிட்டனில் இந்த முறையை 1966இல்தான் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்பு நெரிசல் நேரத்தில் ரவுண்டானாக்கள் அடிக்கடி பூட்டிக்கொள்ளும். நுழைகிறவர்கள் நுழைந்துகொண்டே இருந்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியேற முடியாது, அவர்கள் வெளியேறாமல் நுழைகிறவர்களும் நகர முடியாது. பிரான்சில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், வலப்பக்கத்துக்கே வழியும் விடுகிறார்கள். அங்கே அந்த விதி நுழைகிறவர்களுக்குச் சாதகமாகப் போய் இதே தொல்லையைக் கொடுத்தது. 1980களில்தான் சுற்றுகிறவருக்கு வழிவிடும் முறைக்கு மாறத் தொடங்கினார்கள். பாரிஸின் வெற்றி வளைவைச் சுற்றிய சந்திப்பில் இன்னும் பழைய முறைதான். நம் ஊர் ரவுண்டானாக்களில் விதி தெளிவாக இருந்தும், யார் முன்சக்கரத்தை முதலில் திணிக்கிறாரோ அவருக்கே வழி என்று ஓட்டுவதால், சாயங்காலம் ஆனால் நடுவில் ஒரு போலீஸ்காரர் நிற்க வேண்டியிருக்கிறது.

நடந்து போகிறவர்களைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தையும் இல்லை, அதற்கு வந்த பதில்களிலும் இல்லை. கோடு போட்ட கடவையில் கடக்க ஒருவர் நின்றால், வண்டி நின்று அவரை விட வேண்டும் என்பது எல்.எல்.ஆர். கேள்விகளிலேயே இருக்கிறது. வெள்ளைப் பிரம்போடு பார்வையற்றவர் கடந்தால் அந்தப் பிரம்பையே நிறுத்தச் சமிக்ஞையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அங்கே உண்டு. திரும்பும்போதுதான் இது அதிகம் மீறப்படுகிறது. இடப்பக்கம் திரும்புகிறவர் வலப்பக்கம் வண்டி வருகிறதா என்று தலையைத் திருப்பிக்கொண்டே இடப்பக்கம் நகர்வார். அந்த இடப்பக்க மூலையில்தான் ஆள் நிற்பார். "ஃப்ரீ லெப்ட்" என்று நாம் சொல்வதும் எல்லா இடத்திலும் கிடையாது. சிவப்பு என்றால் இடப்பக்கம் திரும்புகிறவருக்கும் சிவப்புதான். பச்சை அம்போ, அனுமதிக்கும் பலகையோ, தனியாகப் பிரித்துவிட்ட வழியோ இருந்தால் மட்டும் போகலாம். அப்போதும் நடப்பவருக்கும் வலப்பக்கத்து வண்டிக்கும் விட்டுத்தான். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கிறார் என்பதற்காகக் கோட்டைத் தாண்டாதீர்கள். ராத்திரி சிக்னல் மஞ்சளாக விட்டுவிட்டு எரிந்தால் வேகம் குறைத்துப் பார்த்துப் போக வேண்டும். சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும், நிறுத்தப் பலகைக்கு உள்ள அதே மதிப்பு அதற்கும்.

தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் விஷயத்தில் மேலே சொன்ன எந்தக் கணக்கும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒதுங்கி விட வேண்டும். விடாவிட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 194இ பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சட்டத்தில் இல்லாமல் ரோட்டில் மட்டும் பேசப்படும் ஒரு மொழியும் இருக்கிறது. உங்கள் மாதிரி விபத்துகளில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊரில் ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் "நான் வர்றேன், நில்லு" என்று பொருள். பிரிட்டனில் ஓட்டிவிட்டு வந்தவர்களுக்கு அது "நீங்கள் போங்கள்". நாலு ரோட்டில் இந்த இரண்டு பேர் சந்தித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அப்புறம் நேராகப் போவதைக் காட்ட நாலு இண்டிகேட்டரையும் எரியவிடும் பழக்கம். என்னிடம் வருகிற மாணவர்களில் பலர் வீட்டில் அப்பாவிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். பக்கத்துத் தெருவில் நிற்கிறவருக்கு உங்கள் வண்டியின் ஒரு பக்கம்தான் தெரியும். அவர் கண்ணுக்கு ஒரே ஒரு விளக்கு மின்னும். "இந்தப் பக்கம் திரும்பப் போகிறார்" என்று நினைத்து அவர் நுழைவார். நேராகப் போகிறவர் எந்த விளக்கும் போடக் கூடாது. நாலு விளக்கும் வண்டி பழுதாகி நிற்பது போன்ற ஆபத்து நேரத்துக்கு உரியது.

விதியைத் தெரிந்துகொள்வது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைக் கடைப்பிடிக்க எதிராளி கண்ணில் பட வேண்டுமே. சாலைப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கில், பார்த்து, உணர்ந்து, பிரேக் பிடித்து நிற்க மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 20 மீட்டர் வேண்டும், 40இல் 45 மீட்டர், 60இல் 80 மீட்டர். உங்கள் தெரு மூலையில் காம்பவுண்டுச் சுவர் ரோட்டு ஓரம்வரை வந்திருந்தால் குறுக்கே வருகிற வண்டி பத்து மீட்டருக்குள் வந்த பிறகுதான் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் முப்பதில் வருகிற இரண்டு பேருக்கும் வலப்பக்க விதி தெரிந்திருந்தாலும் பயனில்லை. ஆகவேதான் சட்டத்தில் "வேகத்தைக் குறை" என்பது முதலில் வருகிறது, "வலப்பக்கம் விடு" என்பது அடுத்துதான். இதற்கு மேல் காரின் முன்கண்ணாடி ஓரத்தில் இருக்கும் தூண் ஒரு பைக்கை முழுதாக மறைத்துவிடும். நீங்களும் அந்தப் பைக்கும் ஒரே சீரான வேகத்தில் சந்திப்பை நெருங்கினால் அது அந்தத் தூணுக்குப் பின்னாலேயே கடைசிவரை ஒளிந்து வரக்கூடும். மூலை வந்ததும் தலையை முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்குத்தான். கண்ணில் பட்டாலும் சின்ன வண்டி உண்மையான தூரத்தைவிட அதிகத் தூரத்தில் இருப்பதாகவே நமக்குத் தோன்றும். பைக் ஓட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, எதிராளி தன்னைப் பார்த்துவிட்டார் என்று நம்பாமல் ஓட்டுவது நல்லது.

இப்போது இரண்டாவது கேள்வி. "பெரிய வண்டிமேல்தான் கேஸ்" என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பைக்காரருக்குத்தான் காயம் படும், அவர்தான் முதலில் புகார் கொடுப்பார் என்பதால் நடைமுறை அப்படித் தெரிகிறது. கவனமின்றி ஓட்டியது யார் என்பதுதான் கேள்வி. நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், காயம்பட்டவரின் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணம் என்று தெரிந்தால் அவருடைய பங்கைச் சதவீதமாக மதிப்பிட்டு நஷ்டஈட்டில் அந்த அளவைக் கழித்துவிடுவார்கள். நாலு ரோட்டு மோதல்களில் இப்படிப் பங்கு பிரிவது சகஜம். ஒருவர் வழிவிடவில்லை, இன்னொருவர் வேகத்தைக் குறைக்கவில்லை. உங்கள் சம்பவத்தில் வழிவிட வேண்டிய கடமை பைக்காரருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கார்காரர் எந்த வேகத்தில் வந்தார், மூலையில் பார்வை எவ்வளவு தூரம் இருந்தது, பைக் தெரிந்த பிறகு பிரேக் பிடித்தாரா என்பது தெரியாமல் அவரை முழுதாக விடுவிக்க முடியாது. யாராவது இதைப் படித்துவிட்டு "எழுபது-முப்பது" என்று உங்களுக்குக் கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

தண்டனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் ஒழுங்குமுறையை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 177ஏ பிரிவின்படி 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் நிறுத்தப் பலகையை மீறுவதும் 184ஆம் பிரிவில் ஆபத்தாக ஓட்டுவதற்குள் வரக்கூடியவை. முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். உயிருக்கு ஆபத்து வரும்படி கண்மூடித்தனமாக ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 281, பழைய இ.பி.கோ. 279. உங்கள் தெருவில் சிக்னலும் பலகையும் இல்லாததால் 184இல் அந்த இரண்டு விஷயங்களும் இங்கே பேச்சில்லை.

இரண்டு குடும்பமும் பேசி முடித்துக்கொள்ளப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காயம் இருந்தால் முதலில் சிகிச்சை, அடுத்து போலீசுக்குத் தகவல். 134ஆம் பிரிவு இரண்டையும் ஓட்டுநரின் கடமையாக வைத்திருக்கிறது, பேசி முடித்துக்கொண்டாலும் அந்தக் கடமை போகாது. வண்டிச் சேதம் மட்டும் என்றால், இரண்டு பேரில் யாருக்கு முழுக் காப்பீடு இருக்கிறதோ அவர் தன் வண்டிச் சேதத்தைத் தன் கம்பெனியிடமே கேட்கலாம். அதற்குத் தப்பு யார்மேல் என்று நிரூபிக்கத் தேவையில்லை. கிளெய்ம் போடாமல் வந்ததற்கான போனஸ் போய்விடும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வழி இல்லை. கைப்பணமோ, தீர்ப்பாயமோதான். மூலை வீட்டில் கேமரா இருந்தால் பதிவை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். பல கேமராக்களில் பழைய பதிவு சில நாளிலேயே அழிந்து புதியது ஏறிவிடும். வண்டிகளைச் சரிசெய்யக் கொடுக்குமுன் பின்கதவையும் பைக்கின் முன்பக்கத்தையும் பல கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிறவரின் கண் உயரத்தில் நின்று அந்த மூலையையும் படம் எடுங்கள். வேகம் பற்றிய வாக்குவாதத்தில் இந்தக் கடைசிப் படங்கள்தான் உதவும், ஏனென்றால் எத்தனை மீட்டரில் எதிர்வண்டி தெரிந்திருக்கும் என்பதை அவற்றை வைத்து அளந்துவிடலாம். அதே படங்களோடு, ஒரு தெருவில் நிறுத்தக்கோடும் பலகையும் வைக்கச் சொல்லி மாநகராட்சியிலும் போக்குவரத்துக் காவல் பிரிவிலும் ஒரு மனு கொடுங்கள். எந்தத் தெருவில் வைக்க வேண்டும் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள், சுவர் அதிகம் மறைக்கிற தெருவிலிருந்து வருகிறவர்தான் நிற்க வேண்டும்.